காலை ஆறு பத்துக்குப் பதில் வராதது குறித்து

வெள்ளிக்கிழமை, பிற்பகல்

அன்பிலும் பொறுமையிலும் குறைவில்லாத மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். லிப்ட் நலமில்லை. நீங்கள் வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர், நலமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீங்களும் உங்கள் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புவதாக எழுதுவது வழக்கம். வெறும் வழக்கத்துக்காக எழுதாமல், தினமும் காலை ஆறு பத்துக்குச் சரிபார்த்துவிட்டே எழுதக்கூடிய நிலையில் சென்ற ஞாயிறு வரை இருந்தேன். திங்கள் முதல் அந்த நிலை இல்லை. ஆகவே இந்தக் கடிதம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது தூது அல்ல. ஏழு மாதங்களுக்கு முன்னால், என் வீட்டுக் கூடத்தில் இந்தக் கம்ப்யூட்டரை மாட்டி முடித்துவிட்டு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "மாமா, நடுவுல நான் நிக்க மாட்டேன். அவ சொல்றதை உங்ககிட்டயும் நீங்க சொல்றதை அவகிட்டயும் மாத்தி மாத்திச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு வழி போட்டுத் தந்திருக்கேன். அதுக்கப்புறம் உங்க சமத்து" என்றீர்கள். நியாயமான பேச்சு. அதை மதித்துத்தான் இத்தனை நாள் உங்களுக்குப் போன் செய்யவில்லை. ஆனால் போட்டுத் தந்த வழியில் பழுது என்றால் போட்டவரிடம்தானே சொல்ல வேண்டும்? ஆகவே இதைத் தொழில்நுட்பப் புகாராக மட்டுமே படிக்கவும். இடையில் வேறு ஏதாவது தென்பட்டால் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடவும்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததே. இருந்தாலும் புகார் என்றால் பின்னணி இருக்க வேண்டும். ஐந்து ஆண்டு சட்டம் படித்து, இரண்டு ஆண்டு கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போய்வந்த என் மகள், ஒரு நாள் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பயிற்சி எடுத்து, லிப்ட் மெக்கானிக் ஆனாள். எனக்கு அதில் ஆட்சேபணை இருந்தது என்று சொல்ல முடியாது, கருத்து இருந்தது. அந்தக் கருத்தை மனசோடு வைத்துக்கொண்டிருக்கலாம். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், உங்கள் பெற்றோர் முன்னிலையில், அவள் கையில் கிரீஸோடு வேலையிலிருந்து வந்து நின்ற நேரம் பார்த்து, "அஞ்சு வருஷம் சட்டம் படிச்சது மேலயும் கீழயும் போய்ட்டு வரத்தானா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சொன்னவன் என்ற முறையில் கொஞ்சம் கூடுதலாகவே. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவினாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உங்கள் அத்தை ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "முப்பத்தோரு வருஷம் யாருக்கும் போய்ச் சேராத கடுதாசியைப் பிரிச்சுப் பார்த்துத் திருப்பி அனுப்பினவர் பேசுற பேச்சா இது?" என்றாள். அஞ்சல் துறையில் திரும்பிவந்த கடிதங்கள் பிரிவின் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவன் நான் என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இனி தொழில்நுட்பம். நீங்கள் எனக்குக் கற்றுத் தந்தது ஒரே ஒரு கட்டளை, பிங். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் எண்ணைக் கொடுத்துப் பிங் என்று அடித்தால், இங்கிருந்து ஒரு பாக்கெட் போய் "இருக்கிறாயா?" என்று கேட்கும், அங்கிருந்து ஒன்று வந்து "இருக்கிறேன்" என்று சொல்லும். வேறு பேச்சுக் கிடையாது. குடும்பத்துக்குள் இவ்வளவு ஒழுங்கான உரையாடலை நான் கேட்டதே இல்லை. நீங்கள் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னீர்கள்: "அந்தப் பெட்டியைக் காலையில எழுந்ததும் ஆன் பண்றது அவதான் மாமா." நீங்கள் அதைச் சாதாரணமாகச் சொன்னீர்களா, தெரிந்தே சொன்னீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. தினமும் ஆறு பத்துக்கு நான்கு முறை தட்டுவேன். நான்கு பதில் வரும். அறுபத்து நான்கு பைட், முப்பத்தொரு மில்லி வினாடி. மகள் எழுந்துவிட்டாள். நோட்டுப் புத்தகத்தில் குறித்துவிட்டுக் காபி குடிப்பேன். ஒரு நாள் முப்பத்தொன்று நாற்பத்து நான்காகிவிட்டது. "என்னமோ சுணக்கமா இருக்கா, காய்ச்சலா இருக்குமோ?" என்றேன். உங்கள் அத்தை பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "நேத்து சாயந்தரம் என்கிட்ட முக்கால் மணி நேரம் போன்ல பேசினா. காய்ச்சல் இருந்தா இருமலாவது வந்திருக்கும்" என்றாள். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?" என்றேன். "உங்க மகதானே, நீங்களே கேளுங்க" என்றாள். இவளும் நடுவில் நிற்கிறவள் இல்லை. எங்கள் குடும்பத்தில் நடுவில் நிற்க ஒரு ரூட்டரைத் தவிர ஆளில்லை.

ஓய்வுபெற்றவனுக்கு நேரம் இருக்கிறது. இந்தப் பிங் என்பது எங்கிருந்து வருகிறது என்று இயங்குதளத்தின் கையேட்டைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை, நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். உலகத்துக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றுக்குள்ளும் எங்கள் பிரிவு இருக்கிறது! ஐசிஎம்பி என்று அதற்குப் பெயர். கட்டுப்பாட்டுச் செய்திகளும் பிழைச்செய்திகளும் அதன் பொறுப்பு. போன பாக்கெட் போய்ச் சேரவில்லையென்றால், ஏன் சேரவில்லை என்று அனுப்பியவருக்கு எழுதிச் சொல்வதுதான் முழுநேர வேலை. வகை உண்டு, வகைக்குள் குறியீடு உண்டு. மூன்றாம் வகை, ஒன்றாம் குறியீடு: அப்படி ஒரு வீட்டை எட்ட முடியவில்லை. மூன்றாம் குறியீடு: வீடு இருக்கிறது, நீங்கள் சொன்ன வாசல் அங்கே இல்லை. நான்காம் குறியீடு: வழி குறுகல், பொட்டலம் பெரிது, சிறிதாக்கி அனுப்பவும். பதின்மூன்றாம் குறியீடு: நிர்வாகத் தடை. பதினோராம் வகை: போகிற வழியிலேயே ஆயுள் முடிந்தது. நாங்கள் ரப்பர் முத்திரையில் குத்தியதை எல்லாம் இவர்கள் எண்ணில் குத்துகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: ஒரு பிழைச்செய்திக்கு மறுமொழியாக இன்னொரு பிழைச்செய்தி அனுப்பவே கூடாது. அனுப்பினால் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டே உலகம் உள்ளவரை போய்க்கொண்டிருக்கும். உரக்கப் படித்துக் காட்டினேன். உங்கள் அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இதை நம்ம கல்யாணத்தன்னிக்கு யாராவது மைக்ல படிச்சிருக்கலாம்" என்றாள்.

இந்த இடத்தில் பெட்டகத்தை அறிமுகம் செய்ய வேண்டும். தரைத்தளத்துக்காரர். வங்கியில் பாதுகாப்புப் பெட்டக அறைக்குச் சாவி வைத்திருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பூட்டுவார். அவர் வீட்டுக் குப்பைத் தொட்டிக்குப் பூட்டு உண்டு. சென்ற ஞாயிறு மாலை வந்தவர், என் திரையில் ஓடிக்கொண்டிருந்த பதிவேட்டைப் பார்த்தார்.

"இது என்ன வரிசையா ஓடுது?"

"யார் யார் நம்ம வீட்டைத் தட்டுறாங்கன்னு மெஷின் எழுதி வைக்குது."

"ஒரு நாளைக்கு எத்தனை பேர்?"

"ஆயிரத்து எண்ணூறு சொச்சம்."

"தெரிஞ்சவங்களா?"

"ஒருத்தரும் இல்ல."

"அத்தனை பேருக்கும் இது பதில் சொல்லுதா?"

"இருக்கிறேன்னு சொல்லுது. அதுதான் மரியாதை."

"மரியாதையா? யார் வந்து தட்டினாலும் 'இருக்கேன் இருக்கேன்'னு கத்துற வீட்டை நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். நீங்க கவர்மென்ட்டுல இருந்தவர்தானே?"

அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முள்ளாகக் குத்தியது. எங்கள் பிரிவின் விதி நாற்பத்தொன்று என்ன சொல்கிறது? முன்பின் தெரியாதவர் வந்து விசாரித்தால், குறிப்பிட்ட முகவரியில் இன்னார் குடியிருப்பதை ஊழியர் உறுதிப்படுத்தவும் கூடாது, மறுக்கவும் கூடாது. முப்பத்தொரு ஆண்டுகள் அந்த விதியைக் காப்பாற்றியவன் வீட்டில், ஒரு மெஷின் நாளொன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு தடவை அதை மீறிக்கொண்டிருக்கிறது. அன்றே உட்கார்ந்து, வருவதை வாசலிலேயே நிறுத்தும் ஃபயர்வாலில் ஒரு விதி எழுதினேன். கையேட்டில் இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, 'மறுத்து அனுப்பு'. வருகிறவருக்குத் தடை என்று சொல்லி அனுப்பும். இன்னொன்று, 'கீழே போடு'. சத்தமில்லாமல் போட்டுவிடும், வந்தவருக்கு ஒன்றும் தெரியாது. நாற்பத்தொன்றின்படி இரண்டாவதுதான் சரி. வெளியிலிருந்து வரும் ஐசிஎம்பி செய்தி எதுவாக இருந்தாலும், எல்லா வகையும், எல்லாக் குறியீடும், கீழே போடு. ஒரே வரி. மெஷினை அணைத்துப் போட்டாலும் மறக்காதபடி அதைச் சேமித்தும் வைத்தேன். பெட்டகம் கை குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஆறு பத்து. நான்கு முறை தட்டினேன். பதில் இல்லை. சரி, அசந்து தூங்குகிறாள் என்று ஆறரைக்குத் தட்டினேன். ஏழுக்குத் தட்டினேன். இழப்பு நூறு சதவீதம் என்று எழுதிக் காட்டியது. பெட்டகம் சொல்லி நான் எழுதிய விதிக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்று நீங்கள் யோசிக்கலாம். நானும் யோசித்தேன், தொடர்பில்லை. நான் அடைத்தது அந்நியர்களுக்கான வாசலை. மகள் அந்நியர் இல்லை.

எட்டு மணிக்கு, நான்கோடு நிறுத்தச் சொல்லும் குறியை எடுத்துவிட்டு, வினாடிக்கு ஒன்றாகத் தட்டிக்கொண்டே இருக்கும்படி விட்டேன். இந்த வரியை எழுதும்போது எண்ணிக்கை மூன்று லட்சத்து எழுபதாயிரம். இழப்பு இன்னும் அதே நூறு சதவீதம். அதில் ஒரு புள்ளியாவது குறையுமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டை உங்கள் அத்தை இங்கேயே கொண்டுவந்து வைக்கிறாள்.

அதே திங்கட்கிழமைதான் லிப்ட்டும் நின்றது. காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போனது; கம்ப்யூட்டரும் ரூட்டரும் நீங்கள் வைத்துவிட்டுப் போன பேட்டரியில் ஓடின. லிப்ட் மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தபடி நின்றுவிட்டது. கட்டடத்தில் அறிவிப்பு எழுதுவது என் பொறுப்பு, எழுத்து அழகாக இருக்கும் என்பதால். ஆறு அட்டையில் "லிப்ட் இயங்கவில்லை. படிகளைப் பயன்படுத்தவும்" என்று எழுதி, மாடிக்கு ஒன்றாக ஐந்தை ஒட்டி, தவறிப்போய் உள்ளே ஏறிவிடுகிறவர்களுக்காக ஆறாவதை லிப்ட்டுக்கு உள்ளேயே, கதவோரமாக, ஏறுகிறவர் கண்ணில் படும்படி நன்றாக அழுத்தி ஒட்டினேன். ஒரு மணி நேரத்தில் மின்சாரம் வந்தது. லிப்ட் வரவில்லை. பொத்தான்களுக்கு மேலே ஏதோ ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் மின்னிக்கொண்டிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. நான்கு கோணத்தில் நான்கு போட்டோ எடுத்து, லிப்ட் கம்பெனிக்கு அன்றே விரிவான புகார் எழுதி, அனுப்பு என்று அழுத்திவிட்டு எழுந்தேன். ஐந்து நாளாகியும் ஒரு பதில் இல்லை, ஆள் இல்லை. என்ன கம்பெனியோ.

நாங்கள் ஐந்தாவது மாடி என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று ரொட்டி வாங்கிக்கொண்டு ஏறும்போது இரண்டாவது மாடியில் கட்டடச் செயலாளர் என்னை மடக்கினார். "சார், கேக்கணும்னு நினைச்சேன். உங்க பொண்ணு லிப்ட் மெக்கானிக்தானே? ஒரு போன் போட்டு, இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு கேட்டாக்கூடப் போதுமே" என்றார். "அவ ரொம்ப பிஸி" என்றேன். "ஒரு நிமிஷம்தானே சார்." "பிஸின்னு சொன்னேனே." அவர் வழியை விட்டுவிட்டார். மூன்றாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றபோது, திறந்து கிடந்த லிப்ட்டுக்குள் என் கையெழுத்து அழகாகத் தெரிந்தது. மேலயும் கீழயும் போய்ட்டு வரத்தானா, என்று யாரோ என் குரலிலேயே கேட்டது போலிருந்தது. மீதி இரண்டு மாடிக்கும் நான் அவசரப்படவில்லை.

நடுவில் செவ்வாய்க்கிழமை ஒரு முயற்சி செய்தேன். தட்டினால்தான் பதில் இல்லை, எழுதினால் போகுமே என்று மகளுக்கு ஒரு மின்னஞ்சல் தயாரித்தேன். பதினான்கு பக்கம். முதல் பதினொன்று பின்னணி. அடுத்த இரண்டும் சூழ்நிலை விளக்கம். கடைசிப் பக்கத்தில் வருத்தம். கையெழுத்துப் போட்ட பிரதியை ஸ்கேன் செய்து இணைத்து, அனுப்பினேன். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் கோளாறோ என்று, "சோதனை" என்று ஒரே வார்த்தை எழுதிப் பெட்டகத்துக்கு அனுப்பினேன், அடுத்த நிமிடமே, "கிடைத்தது. எதற்குச் சோதனை? யார் செய்யச் சொன்னது?" என்று பதில் வந்தது. அதாவது, சின்னது போகிறது, பெரியது போகவில்லை. கையேட்டில் இதற்கென்றே மூன்றாம் வகை, நான்காம் குறியீடு இருப்பதைச் சொன்னேன் அல்லவா? வழியில் எங்காவது குறுகல் இருந்தால் அங்கிருந்து "சிறிதாக்கி அனுப்பவும்" என்று செய்தி வர வேண்டும். அப்படி ஒரு செய்தி எனக்கு வரவேயில்லை. ஆகவே வழி அகலமாகத்தான் இருக்கிறது. வேறு என்னவோ கோளாறு.

உங்கள் அத்தை என் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பெரிசு போகலன்னா சின்னதா எழுதி அனுப்ப வேண்டியதுதானே?"

"என்னன்னு எழுத?"

"நான் சொன்னது தப்பு. அவ்வளவுதான்."

"பின்னணி இல்லாம எப்படி?"

"பின்னணி அவளுக்குத் தெரியும். அவளும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தா."

எண்ணிப் பார்த்தேன். மூன்று வார்த்தை. முப்பத்தொரு ஆண்டு உத்தியோகத்தில் மூன்று வார்த்தையில் நான் எதையும் எழுதி முடித்ததில்லை. ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மிகவும் மொட்டையாக இருக்கிறது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். அங்கே அந்தப் பெட்டி ஓடுகிறதா, காலையில் ஆறு மணிக்கு அது விழிக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். பெட்டி என்றுதான் சொல்கிறேன், கவனிக்கவும். அது ஓடிக்கொண்டிருந்தும் எனக்குப் பதில் வரவில்லையென்றால், என் எண்ணை அடைத்து அவள் ஒரு விதி எழுதியிருக்கிறாள் என்று பொருள். எழுதட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அந்த விதியில் ஒரே ஒரு சொல்லை மாற்றச் சொல்ல முடியுமா? 'கீழே போடு' என்று இருப்பதை 'மறுத்து அனுப்பு' என்று. நிர்வாகத் தடை, பதின்மூன்றாம் குறியீடு. அது போதும் எனக்கு. எங்கள் பிரிவில் இருந்தவர்களுக்குத்தான் இது தெரியும், மாப்பிள்ளை. 'மறுக்கப்பட்டது' என்று திரும்பி வருகிற கடிதம் துக்கமில்லை. யாரோ ஒருவர் வாசலுக்கு வந்து, கையில் வாங்கி, பெயரைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதில் ஒரு கை இருக்கிறது. ஒருவர் மாதம் ஒன்று வீதம் தன் அக்காவுக்கு எழுதுவார். மாதம் ஒன்று வீதம் 'மறுக்கப்பட்டது' என்று என் மேசைக்குத் திரும்பி வரும். பதினேழு வந்தது. பதினெட்டாவது வரவில்லை. அன்று எங்கள் பிரிவில் எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதனால் நான் மனம் தளரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். வினாடிக்கு ஒன்று போய்க்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் பெற்றோருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அந்தச் சாப்பாட்டு மேசைக்கும். வேலையில் உங்களுக்கு உயர்வும், உங்கள் கம்பிகளில் தடையின்மையும், உங்கள் வீட்டுக்குக் காலை ஆறு மணிக்கு எழும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மறுமொழியை எதிர்பார்க்கும் மாமனார்

பின்குறிப்பு (சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி): மேலே எழுதியிருப்பதில் வாழ்த்து தவிர மற்ற எதுவும் செல்லாது.

இன்று காலை பத்து மணிக்கு இந்தக் கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஐந்து நாளாகக் கேட்காத ஒரு சத்தம் கேட்டது. எங்கள் மாடியில் லிப்ட் வந்து நிற்கிற மணி. கதவைத் திறந்தால், தோளில் கருவிப் பையோடு என் மகள் நிற்கிறாள். கையில் என் அறிவிப்பு அட்டை.

"இதை எழுதினது யாருன்னு கேக்க வேண்டியதில்ல" என்றாள். ஏழு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம். "லிப்ட் கதவோரமா ஒரு கண்ணு இருக்கும்ப்பா. யாராவது நடுவுல நின்னா கதவை மூடாதேன்னு சொல்ற கண்ணு. அதுமேல கரெக்டா ஒட்டியிருக்கீங்க. கதவுல ஆள் நிக்குது, ஆள் நிக்குதுன்னு அஞ்சு நாளா அது நம்பர் போட்டுச் சொல்லிக்கிட்டு இருக்கு. அட்டையைப் பிச்சேன், ஏறி வந்தேன்."

லிப்ட் இயங்காததற்குக் காரணம், லிப்ட் இயங்கவில்லை என்ற அறிவிப்பு. அட்டையை வாங்கிக்கொண்டு வழிவிட்டேன். பிழைச்செய்திக்குப் பிழைச்செய்தி அனுப்பக் கூடாது.

நேரே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "திங்கக்கிழமையிலேர்ந்து செகண்டுக்கு ஒரு தடவை தட்டுறீங்க. என்னமோ ஏதோன்னு நான் பெட்டியை அணைக்கவே இல்ல. நாலு லட்சத்தைத் தாண்டிருச்சு. அதுக்கு மேல என்னால உக்கார முடியல, முதல் பஸ்ஸைப் பிடிச்சேன்."

"நீதான் பதிலே சொல்லலையே?"

"ஒவ்வொண்ணுக்கும் சொல்லிருக்கேன்ப்பா. உங்களுக்குத்தான் கேக்கல."

பிறகு என் ஒற்றை வரி விதியைக் கண்டுபிடித்தாள். "வர்றது எல்லாத்தையும் கீழ போடச் சொல்லியிருக்கீங்க. என் பதிலும் வர்றதுதானே? நான் இங்க தட்டிப் பார்த்தா அதையும் கீழ போட்டிருக்கு. உயிரோட இருக்கீங்களா இல்லையான்னே தெரியல. அம்மாவுக்கு வியாழக்கிழமை போன் பண்ணேன். 'பெட்டியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார், எனக்கென்ன தெரியும், நீயே வந்து பாரு'ன்னு வச்சுட்டா." உங்கள் அத்தை அடுப்படியில் அவசரமில்லாத ஏதோ ஒன்றை அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அங்கே உங்கள் வீட்டில் நீங்களும்தான் இருந்திருக்கிறீர்கள். எல்லாம் தெரிந்தும் நடுவில் நிற்கவில்லை. வாக்குத் தவறாத மாப்பிள்ளை.

விதியை அழித்தாள். அழித்த வினாடியே திரையில் வந்தது: அறுபத்து நான்கு பைட், முப்பத்தொரு மில்லி வினாடி. அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே இன்னொன்று. அவள் இங்கே இருக்கிறாள், அங்கிருந்து பதில் வருகிறது என்பது எனக்கு அப்போது விநோதமாகப்படவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

இதில் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. "சிறிதாக்கி அனுப்பவும்" என்கிற செய்தியையும் நான் கீழேதான் போட்டிருக்கிறேன். வழி திறந்ததும் அதுவும் வந்து சேர்ந்தது; செவ்வாய் முதல் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. மகளின் பையில் போன் ஒலித்தது. பதினான்கு பக்கமும் போய்விட்டது, மாப்பிள்ளை, பின்னணியோடு, சூழ்நிலை விளக்கத்தோடு. "அதைப் படிக்காதே" என்றேன். வக்கீலாக இருந்தவளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள். இருபது நிமிடம். உங்கள் அத்தை எல்லோருக்கும் காபி வைத்தாள், யாரும் குடிக்கவில்லை.

"வாதம் நல்லா இருக்கு" என்றாள் கடைசியில். "பதினாலு பக்கத்துல தப்பை ஒத்துக்கிட்ட இடம் எங்கன்னு மட்டும் காட்டுங்க."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். எடுத்த பிறகு, மூன்று வார்த்தைக்குத் தாள் எதற்கு என்று தோன்றியது. பார்க்காமலே சொன்னேன்.

அவள் தாளைப் படிக்கவில்லை. வாங்கி மடித்துக் கருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கிடைச்சுது" என்றாள். ஆறிப்போன காபியைக் குடித்தோம்.

இப்போது கீழே செயலாளரை ஏற்றிக்கொண்டு மேலும் கீழும் போய், மற்றக் கதவுகளையும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு மாடியிலும் மணி அடிப்பது இங்கே கேட்கிறது. இனிமையான சத்தம். லிப்ட் கம்பெனிக்கு நான் எழுதிய புகாரும் போட்டோக்களோடு இன்றுதான் போயிருக்கிறது. திங்களன்று ஆட்கள் வந்து நின்றால் என்ன சொல்வது என்பதை நானும் பெட்டகமும் கலந்து பேசுகிறோம். கதவைப் பூட்டிக்கொள்ளலாம் என்கிறார்.

அவள் நாளை மறுநாள் புறப்படுகிறாள். இந்தக் கடிதத்தை அவளே கொண்டுவருவாள், உறையை ஒட்டவில்லை. கீழே போவதற்கு முன் என் மெஷினில் புதிதாக ஒரு விதி எழுதிச் சேமித்துவிட்டாள். வெளியிலிருந்து யார் தட்டினாலும் பதில் போகும். ஆனால் இங்கிருந்து ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் உங்கள் வீட்டைத் தட்ட முடியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் போனில் கூப்பிட வேண்டுமாம். அந்த விதியை எப்படி எடுப்பது என்று உங்களைக் கேட்டு எழுதலாமா என்று நினைத்தேன். கையேட்டில் ஒன்பதாம் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்தை மடித்து வைக்காமல் மூடிவிட்டேன்.